பருவம் மூன்று

நேமத்தான்பட்டி மேலத்தெருவில்
பெரி. சித. மெ. வீடு எங்கே என்று கேட்டால்
இப்போதும் கை நீட்டிக் காட்டுவார்கள்.
கை நீளும் இடத்தில்
சீமைக்கருவேலம், ஒரு மின்கம்பம்,
மழைக்குத் தேங்கிய பள்ளத்தில் நாலைந்து வாத்து.
விலாசம் மட்டும் இடியவில்லை.

வரைபடம் கிடைக்காமல்
சிவகங்கையிலிருந்து ஜீப்பில் வந்த நஸீமா
என்னைத் தேடிப் பிடித்தார்.
கட்டிய கொத்தனார் பேர் யாருக்கும் தெரியாது.
பிரித்தவன் பேர் அடைக்கலம்.
காரைக்குடியில் எல்லாத் தரகருக்கும் தெரியும்.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.
முகப்பு, இங்கே.
இருபத்தாறு எட்டு வைத்தால் வளவு.
இது கல்தூண், இது தேக்கு, இது கல், இது தேக்கு.
நான் நின்ற இடத்திலெல்லாம்
பின்னால் ஒரு பையன் சுண்ணாம்புப் பொடி தூவி வந்தான்.
முள்ளுக்கு நடுவே
வெள்ளைப் புள்ளிகளாய்க் கிடந்தது
நான் லாரியில் ஏற்றியது.

முப்பத்தேழு பங்கு.
சாமி அறைக்கு மட்டும் பதினோரு சாவி.
ஒருவர் ஒருவருக்கு விட்டுக்கொடுக்காமல்
எல்லாருமாய் எனக்கு விட்டார்கள்,
மொத்தமாய், தொண்ணூற்றெட்டில்.
மோல்மேன் தேக்கைக் கோட்டயத்துக்காரர் எடுத்தார்.
பெல்ஜியம் கண்ணாடி ஒரு சினிமாக் கம்பெனிக்கு.
முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுவரை
யாரும் கேட்கவில்லை, கடப்பாரைதான் கேட்டது.
அஸ்திவாரச் செம்புறாங்கல்லைக்கூட
தோண்டி விற்றேன்,
மாத்தூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு.

அப்புறம் உங்களுக்கு என்ன மேடம் இருக்கப்போகுது?
அவர் சிரிக்கவில்லை.
விலை இருந்ததை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்,
எனக்கு மற்றது போதும் என்றார்.

மூன்றாம் கட்டுக்குப் பின்னால்
சாம்பல் கொட்டிய மூலையில் முதல் குழி.
ஒரு முழம் இறங்கியதும்
ஸ்வீடன் இனாமல் மூடி, நீலம் உதிர்ந்து.
மைப்புட்டி. குதிரை லாடம் ஒன்று.
பர்மா எழுத்து பொறித்த மருந்துக்குப்பி.
உடைந்த வெண்கலக் காப்பு, பிள்ளைக் கை அளவு.
ஆட்டெலும்பு, நிறைய.
ரங்கூனில் சம்பாதித்தது முன்கட்டில் நின்றது,
தின்றது இங்கே கிடந்திருக்கிறது.
இரண்டு மாசம் அந்த வீட்டில் படுத்தெழுந்தவன்,
இந்த மூலைக்கு நான்
ஒன்றுக்குப் போகத்தான் வந்திருக்கிறேன்.

இரண்டாம் குழி, வளவுச் சுவர் நின்ற வரிசையில்.
சுவர் இல்லை. சுவர் வடிவத்தில்
மண் வேறு நிறமாய் இருந்தது.
செம்மண்ணுக்குள் சாம்பலும் காரையும் கலந்து ஒரு கோடு,
நூல் பிடித்த மாதிரி.
"இது உங்கள் குழி," என்றார் நஸீமா.
"கல்லை உருவிய பள்ளம். இதுவும் ஓர் அடுக்கு."
நோட்டில் எழுதினார்:
பருவம் ஒன்று, கட்டியது.
பருவம் இரண்டு, குடியிருந்தது.
பருவம் மூன்று, பிரித்தது.
என்னைத் திருடன் என்றவர்கள் உண்டு,
யாவாரி என்றவர்கள் உண்டு.
பருவம் என்று யாரும் சொன்னதில்லை.

அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்தது
ரப்பர் செருப்பு, இடது கால்.
வார் அறுந்து, ஊக்கு குத்தி,
ஊக்கும் துருவாகி.
தூரிகையால் மண் தள்ளி
அளவுகோல் வைத்துப் படம் எடுத்து
பையில் போட்டு எண் கொடுத்தார்கள்.

கருத்தான் உத்தரத்துக்கு அடியில் நின்றிருந்தான்.
நான்தான் நிற்கச் சொன்னேன்.
காரைக்குடி ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள்.
இரண்டாயிரம் கொடுத்தேன், தேக்கு விற்ற காசில்.
பிறகு அவன் வேலைக்கு வரவில்லை.
எப்படி வருவான்.

"யாருடையது, தெரியுமா?"
பேனா தாளில் ஊன்றியபடி நின்றது.
பருவம் மூன்று, என்றேன்.
அதையே எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது கேட்டார்,
இவ்வளவு பெரிய வீட்டுக்குக் கிணறு இருந்திருக்குமே.
இருந்தது.
விலைபோகாததையெல்லாம் அதில் தள்ளி
மண்ணடித்து மூடினோம்.
பேரேடு நாலு மூட்டை, பதினோரு சாவி,
கருத்தானின் வலதுகால் செருப்பு.
நாளைக்குக் காட்டுகிறேன் என்றேன்.
வாத்துகள் நிற்கும் பள்ளம் அதுதான்.