மூன்று புள்ளிகள்

பார்டி வீட்டுப் படகை இன்றைக்கும்
சற்றே கோணலாக உட்கார்ந்துதான் வலிக்க வேண்டும்.
நேற்று அதை விலைக்கு வாங்கிய பையன்
செய்த தச்சனைத் திட்டிக்கொண்டே துறையை விட்டுப் போனான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தந்தி அறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவளுக்குச்
சொல்லாமல் இருப்பது பழகிய வேலை.

பதினேழாம் வருஷத்து ஜூலை.
நியூபவுண்ட்லாந்தின் குடாக்கள் எங்கும்
உப்பிட்ட காட் மீன் பரண்களில் விரிந்து கிடந்தது.
முதல் தந்தி:
ஓபெத் பார்டி, இடது தொடையில் காயம்,
ரூவான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான்.
தெர்சா ஏப்ரனில் கை துடைத்து அதை வாங்கி
என்னிடமே திருப்பித் தந்தாள். அவளுக்குப் படிக்க வராது.
"ஒரு காயம்தானே?"
"ஒன்றுதான்."
"தொடையில். சரி. துடுப்புக்குக் கை போதும்."

அன்று மாலையே நோவா ரம்பத்தை எடுத்தான்.
மூத்தவன், பேச்சுக் குறைவு.
படகின் குறுக்குப் பலகையைக் கழற்றி
ஒரு பக்கம் ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி அடித்தான்.
இடது கால் மடங்காமல் நீண்டிருக்க அடியில் ஒரு கட்டை,
கட்டையின் மேல் பழைய கம்பளித் துண்டு.
பிறகு தானே ஏறிக் காலை விறைத்துக்கொண்டு
குடாவை ஒரு சுற்று வலித்துப் பார்த்தான்.
துறையே சிரித்தது. தெர்சா
கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.
பதினொரு நாள் அந்த வீட்டில் ஒரு நொண்டி இருந்தான்.
அவனுக்கு எந்தக் கட்டில், எந்தப் படி உயரம்,
எந்தப் பெண் இனியும் சம்மதிப்பாள்
என்றெல்லாம் பேச்சு நடந்தது.

இரண்டாவது வந்தபோது விடியவில்லை.
கருவி தட்டத் தட்ட எழுதிப்போகும் கைக்கு
அர்த்தம் பின்னால்தான் வந்து சேரும்.
வரியை முடித்துப் பென்சிலை வைத்த பிறகுதான்
பெயரைப் படித்தேன்.

காயங்களால் மரணம்.

எங்கள் கம்பியில் ஒருமையைப் பன்மையாக்க
மூன்று புள்ளி போதும்.
நகத்தால் மேஜையை மூன்று முறை தொடுகிற சத்தம்.

அன்றைக்கென்று வெயில் வந்தது.
பத்து நாள் மூடுபனிக்குப் பின் வந்த வெயில்.
தெர்சா பரண்மேல் நின்று மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.
அன்று காயாவிட்டால் குளிர்காலத்துக்கு மாவில்லை.
மாலைவரை தாளைப் பையில் வைத்திருந்ததற்கு
அது ஒரு காரணம்.
இன்னொன்று, எனக்குக் கால் நகரவில்லை.

அவள் அழவில்லை.
"காயங்களா?" என்றாள். "நீ ஒன்று என்றாயே.
உன் காதில் தப்பாக விழுந்திருக்கும். திருப்பிக் கேள்."

கேட்டேன். அந்த இரவே.
செயின்ட் ஜான்ஸில் கம்பியின் மறுமுனையில் இருந்தவன்
யாரோ, தூக்கக் கலக்கத்தில் தட்டினான்:
அனுப்பியபடியே சரி.

பிற்பாடு வேறு வேறு துறைகளின் பெயர்கள்
என் கை வழியாகப் போனபோது தெரிந்தது:
எல்லோருக்கும் அதே பன்மைதான்.
ஒரே ஒரு துளையில் செத்தவனுக்கும்.
யாரோ ஒரு குமாஸ்தா ஒருமுறை எழுதிவைத்த வாசகம்.

அதைச் சொல்லலாம் என்று போனேன்.
தெர்சா அதற்குள்
திரும்பி வந்த ஒவ்வொரு பையனையும் நிறுத்தி
மற்றது எங்கே பட்டது என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.
ஒருவன் தோள் என்றான்.
ஒருவன், பாவம், வயிறு என்று சொல்லிவிட்டான்.
தோளை அவள் எடுத்துக்கொண்டாள்.
அதை நான் எப்படிப் பிடுங்குவது?

நோவா பலகையை மாற்றவில்லை.
இருபது வருஷம் நல்ல காலை நீட்டியபடி
அந்தப் படகிலேயே வலை போட்டான்.
சிரித்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும்.

பையன் காற்று இறங்கியதும் வருவான்.
பலகையை நேராக்க
யாரிடம் சுத்தியல் இருக்கிறது என்று கேட்பான்.
என்னிடம் இருக்கிறது. தருவேன்.
ஆனால் அவை நல்ல ஆணிகள்,
சுலபத்தில் வராது.