ஆயிரத்து எண்ணூற்று நாற்பது

பாடாங் செராயில் எனக்குக் கூரைகள் தெரியும்.
எந்த ஓடு மிதித்தால் முறியும்,
எந்த வீட்டு நாய் ஏணியைக் கடிக்கும்,
தண்ணீர்த் தொட்டிக்கடியில்
யார் சிகரெட் பெட்டியை ஒளித்திருக்கிறார்,
எல்லாம்.

பன்னிரண்டு தகடு, ஓர் இன்வெர்ட்டர், இரண்டு நாள் வேலை.
மூன்றாம் நாள் சுவிட்சை
வீட்டுக்காரர் கையாலேயே தூக்கச் சொல்வேன்.
சித்திராதேவி டீச்சர்
சாமியறைக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றினார்.
"ஐயோ, போட்டுக்கிட்டே தூக்குங்க டீச்சர்."
பிறகு மைலோ.
மேசைமேல் எச்சில் தொட்டு எண்ணிய வெள்ளி.

கையுறைத் தொழிற்சாலையில்
மிஸ்டர் ஓங் கூரையைக் காட்டவில்லை,
வரைபடத்தை விரித்தார்.
முடியுமா என்று கேட்கவில்லை.
"கம்பெனியில் எத்தனை பேர்?"
நானும் அஸ்மானும், ஒரு கிழட்டு ஹைலக்ஸும்
என்று சொல்ல வாயெடுத்து
"பதினாலு" என்றேன்.
அன்று சாயங்காலமே
மீதிப் பன்னிரண்டு பேரைத் தேடத் தொடங்கினேன்.

வங்கி உத்தரவாதம் கேட்டார்கள்.
மல்லிகேஸ்வரியின் எட்டுப் பவுன்
அடகுக்கடை இருட்டுக்குப் போனது.
வேலை முடிந்து தொண்ணூறு நாளில் பணம்.
அவள் காலண்டரில் எண்ணிப் பார்த்துவிட்டு
தீபாவளியைத் தாண்டுதே என்றாள்,
அவ்வளவுதான்.

அலை அலையாய்த் தகரம்.
மறுகோடியில் நிற்பவன் ஒரு தீக்குச்சி.
காலை ஏழு மணிக்குப் பட்டியை மாட்டு என்று
மூன்று மொழியில் கத்துகிறேன்.
நான்காவது மொழிக்காரன் சிரிக்கிறான்,
முதலில் மாட்டுபவனும் அவன்தான்.
ஒரு வரிசையில் ஆயிரம் வோல்ட்.
வெயில் இருக்கும்வரை
தகட்டுக்குள் இருப்பதை அணைக்க முடியாது,
மூடத்தான் முடியும் என்று சொல்லிக்கொடுத்தேன்.
சொல்லும்போது எனக்கே தொண்டை வறண்டது.

மேற்கே செம்பனை ஆலையின் புகைபோக்கி.
மாலைக்குள் தகட்டில் கரி படிந்துவிடும்,
விரலால் எழுதலாம்.
யாரோ மாயா என்று எழுதியிருந்தான்.
கழுவச் சொன்னேன்.
அந்த ஒரு தகட்டை விட்டுவிட்டு
மற்றதையெல்லாம் கழுவியிருந்தார்கள்.

இணைப்புக்கு ஓங் கொடுத்தது
ஒரு ஞாயிறு, நான்கு மணி நேரம்.
அதில் மூன்று முறை டீச்சர் அழைத்தார்.
கையில் கேபிள், பையில் அதிர்வு.
எடுக்கவில்லை.

சுவிட்சை நானே தூக்கினேன்.
சிவப்பு விளக்கு பச்சையானது.
லைன் மறுபடி ஓடத் தொடங்கியது.
விரல்கள் கீழே தொங்க
ஆயிரமாயிரம் கைகள் வரிசையாய்க் கடந்தன,
ஒன்றுகூடத் தட்டவில்லை.
மேனேஜர் கையெழுத்துப் போட்டார்,
நான்கு பிரதி.

இரவு பத்துக்கு டீச்சர் வீட்டுக்குப் போனேன்.
ஐசோலேட்டர் பெட்டிக்குள் ஒரு பல்லி
கரியாகிக் கிடந்தது.
"என்னப்பா ஆச்சு?"
"பல்லி, டீச்சர்."
"பாவம்" என்றார்.
பல்லியையா, என்னையா,
கேட்கவில்லை.
மைலோ ஆறியிருந்தது. குடித்தேன்.

இப்போது மதிய வேளைகளில் தொழிற்சாலை வாசலில்
ஹைலக்ஸை நிறுத்திப் போனைப் பார்க்கிறேன்.
எண்பத்திரண்டாம் நாள்.
கிழக்கிலிருந்து ஒரு மேகம் கூரையேறுகிறது.
நிழல் வரிசை வரிசையாய் மிதித்து வருகிறது,
எண் இறங்குகிறது,
மாயாவின் தகடும் மங்குகிறது.
பத்து நிமிடம்.
மனம் தானாகக் கணக்குப் போடுகிறது:
நாற்பத்தேழு வெள்ளி.

இதே மேகம் இன்னும் கொஞ்ச நேரத்தில்
டீச்சர் வீட்டைக் கடக்கும்.
அங்கே முப்பது காசு.
அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு
கொடித் துணிகளை எடுக்க வந்திருப்பார்.