கொட்டக் கொட்ட

முள்ளங்கி இலையில் ஓட்டை விழுந்த ஐப்பசியில்
பதினாலு புழுவைப் பிடித்து
ஒரு பிடி செம்மண்ணோடு ஊறுகாய் பாட்டிலில் போட்டேன்.
கருத்த புழு. தொட்டால் சுருண்டு
செத்ததுபோல் விழும்,
கை நிழல் விலகியதும் எழுந்து தின்னும்.
கால் எண்ணினேன், இருபத்திரண்டு.
இத்தனை கால் இருந்தும் ஓடாமல் விழுகிறதே என்றிருந்தது.

தொண்டாமுத்தூர் மருந்துக்கடை நாச்சிமுத்து
கண்ணாடி போட்டுப் பார்த்தார்.
"ரம்ப ஈயோட புழுங்க.
ஈன்னு பேரு, பொறப்புல குளவிக்குப் பங்காளி.
ரெண்டு டேங்க் அடிச்சாத் தீந்துது."
பழைய பாக்கி ஆயிரத்து எண்ணூறு.
அதையும் அவரே ஞாபகப்படுத்தினார்.
பாட்டிலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அப்புறம் யானை வந்து வேலியைச் சாய்த்தது,
மோட்டாரில் காயில் எரிந்தது,
குழுவுக்குத் தவணை கட்டும் செவ்வாய் வந்து வந்து போனது.
பாட்டில் மோட்டார் ரூம் மாடத்தில் கிடந்தது.
கார்த்திகை பாதியில் எடுத்தால்
மூடிக்குக் கீழே முட்டி முட்டிப் பறக்கின்றன
ஒன்பது.

அடி மண்ணில் புழு பின்னிக்கொண்ட கூடு.
கூட்டுக்குள் புழுவின் தோல்,
சுருட்டி எறிந்த பனியன் வேஸ்ட் மாதிரி.
இடுப்பு நூலளவு, மீசை நீளம்:
குளவி.

"கொட்டக் கொட்டத்தான்டி புழு குளவியாகும்."
அன்னூர் மில்லில் மூணு வருசம்
சூப்பர்வைசர் ஞானப்பிரகாசம் இதைச் சொல்லாத ஷிப்ட் இல்லை.
தவமணி விரலை மிஷின் வாங்கிய ராத்திரியும் சொன்னார்.
நாங்களும் நம்பி
ரெக்கை முளைக்கிறதா என்று
ஒருத்தி முதுகை ஒருத்தி தடவிப் பார்த்தோம்.

ஆகவில்லை சார்.
புழு ஆகவில்லை.
அதன் உடம்பில் எவளோ முட்டை வைத்துப் போயிருக்கிறாள்.
நான் பிடித்த அன்றே உள்ளே இருந்திருக்கும்.
தின்ற இலையெல்லாம் அதற்கு.
சுருண்டு செத்ததுபோல் விழுந்தபோதும்
உள்ளே ஒன்று
சுருளாமல் கிடந்திருக்கும்.

இதில் நான் எது?
குளவி என்று சொல்லத்தான் ஆசை.
முள்ளங்கி விற்ற காசு
எந்தெந்தக் கைக்குப் போகிறது என்று
கணக்குப் போட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.
வெள்ளியங்கிரிப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது.

டேங்க் அடிக்கவில்லை.
மூன்றாம் பாத்தியில் இப்போதும் ஓட்டை விழுகிறது.

அன்று மூடியைத் திருகியதும் எட்டு போய்விட்டன.
ஒன்பதாவது பாட்டில் வாயில் உட்கார்ந்து
முன்னங்காலால் மீசையை நீவிக்கொண்டிருந்தது,
முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரி.