அரைப்புள்ளி

மாத்தூர்க் கோயில் அலுவலகத்தில்
புள்ளிக் கணக்கைக் கணினியில் ஏற்றுகிறேன்.
கல்யாணமானால் ஒரு புள்ளி,
துணை போய்விட்டால் அரை.

தையில் உமையாள் போனாள்.
என் பெயருக்கு நேரே
பூஜ்யம் புள்ளி ஐந்து
நானேதான் அடித்தேன்.
கை நடுங்கவில்லை;
கீபோர்டில் ஐந்துதான் சற்றுச் சிக்கியது.

எதற்கு இன்னும் எழுந்து
சட்டை மாட்டுகிறேன் என்று
காலையில்கூடக் கேட்டுக்கொண்டேன்.

மொத்தம் போட்டால்
கடைசியில் ஓர் அரை தொங்குகிறது.
மூன்று தரம் கூட்டியும் தொங்குகிறது.
விட்டுப்போன பெயர் சிகப்பி,
ஈப்போவில் மகன் வீட்டில்.
முகம் பார்த்ததில்லை.
அவர் அரை விழுந்ததும்
எண் முழுசாயிற்று.

அதில் என் பாதி எங்கே என்று
கணினிக்கும் தெரியாது.

"எத்தனை புள்ளிக்கு அரிசி, செட்டியாரே?"
மடைப்பள்ளியிலிருந்து குரல்.

சொன்னேன்.
தலைதட்டிப் படியளக்கும் சத்தம்.