ஏழாவது குட்டிச்சாத்தான்

குதைபியாவில், கோல்ட் ஸ்டோருக்கு மேல் இரண்டாம் மாடி.
வியாழன் இரவு பத்தரை.
பழைய டிராயிங் ஒன்றின் முதுகில் நான் வரைந்த பாதாளம்.
கன்சல்டன்ட் நிராகரித்த கழிவுநீர்க் குழாய்கள்
மறுபக்கத்திலிருந்து லேசாகத் தெரிந்தன.
அவற்றையே சுரங்கப்பாதை என்று சொல்லிவிட்டேன்.

வரவழைத்த பொம்மைகள் கஸ்டம்ஸில் கிடக்கின்றன.
ஆளுக்கு இரண்டு பேரீச்சை தின்று
கொட்டைகளைக் குட்டிச்சாத்தான்களாக நிறுத்தினோம்.
எட்டில் ஒன்று சோபாவுக்கடியில் ஓடிப்போனது.
மிச்சம் ஏழு.

இந்த வாரம் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன்.
உப்பு விற்ற ஒரு ராணி,
காது கேளாத அவள் தம்பி,
இருநூறு வருஷமாக அடைபடாத ஒரு கடன்.
ஜெபமணி இரண்டாம் பக்கத்திலேயே கோடரியைத் தூக்கிவிட்டான்.
"பேசினது போதும்யா. உருட்டவா?"

அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
ஹித் யார்டில் சேஃப்டி ஆபீசர் அவன்.
ஹெல்மெட் போடு, பெல்ட்டை மாட்டு, கீழே இறங்கு என்று
ஆறு நாளும் கத்துகிற தொண்டை.
ஏழாம் நாளாவது
எவனாவது ஒருத்தன் யோசிக்காமல் குதிக்க வேண்டாமா?

ஹபீப் நைனா வேறு ரகம்.
மொபைல் கடைக்காரன்,
பூட்டிய கதவிடமும் பேரம் பேசுவான்.
போன வாரம் அவன் போக்கில் விட்டேன்:
டிராகனும் அவனும் வட்டியைப் பற்றி மூன்று மணி நேரம்.
ஜெபமணி தலையணையில் குறட்டை.

"பாதி கதை, பாதி அடி. அவ்வளவுதானே" என்றாள் வேதவல்லி.
ரத்த வங்கியில் வேலை, எதையும் அளந்து பழகியவள்.
அதையும் செய்து பார்த்தாயிற்று.
முதல் ஒரு மணி நேரம் வெறுஞ்சோறு,
அடுத்த ஒரு மணி நேரம் வெறுங்குழம்பு.
இலையில் அமர்ந்தவன் எழுந்து போகாதது
நட்புக்காக.

இன்றைக்கும் அப்படித்தான் போனது.
நாற்பது நிமிஷத்தில் ஆறு கொட்டைகள் குப்பைக் கூடையில்.
ஏழாவது, பள்ளத்தின் விளிம்பில்.
ஜெபமணி உருட்டினான்.
இருபது முகம் உள்ள பகடை
ஒன்றைக் காட்டிச் சிரித்தது.
கோடரி தூணில் மாட்டிக்கொண்டது.

இனி குட்டிச்சாத்தானின் முறை.
விதிப்படி நான் ஈட்டியால் குத்தியிருக்க வேண்டும்.
களைப்பா, என்னவோ,
வாய் வேறு சொன்னது:
"ஈட்டியை இறக்காமலே கேட்கிறான்,
'உங்களை இங்கே யார் அனுப்பினது?'"

ஏசி தண்ணீர் வாளியில் சொட்டுகிற சத்தம்.
"உன் பேர் என்னப்பா?" என்றான் நைனா.
பதினோரு பக்கத்தில் அந்தப் பெயர் இல்லை.
எதிரே லபன் பாட்டில் இருந்தது.
"லபன்" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

ஜெபமணி பகடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தான்.
பிறகு மெதுவாக,
யார்டில் கேட்கிற குரலில்,
"அந்தப் பள்ளத்துக்குக் கைப்பிடி இருக்கா?"
"இல்லை."
"எத்தனை மீட்டர்?"
"முப்பது."
என்ன செய்யப்போகிறான் என்று சொல்லாமலே உருட்டிவிட்டான்.
பதினெட்டு.
மூன்று பேரும் அவன் வாயைப் பார்த்தோம்.

"பிடிச்சு இந்தப் பக்கம் இழுத்துப் போடுறேன்" என்றான்.
"அப்புறமா வெட்டுறேன்."

வெட்டுக்கு அடுத்த முறை வரவேண்டும்.
மணி இரண்டேகால், வேதவல்லிக்குக் காலை ஷிப்ட்.
செருப்பு மாட்டப் போன நைனா திரும்பி வந்து
கொட்டையைப் பள்ளத்திலிருந்து இன்னும் ஒரு கட்டம் தள்ளி வைத்தான்.

வெள்ளிக்கிழமை ஓவர்டைம் பஸ்ஸிலிருந்து
ஐந்து நாற்பதுக்கு ஜெபமணியின் செய்தி:
"லபனுக்குச் சம்பளம் யார் தர்றா?
எத்தனை மாசம் பாக்கி?"

எழுந்து விளக்கைப் போட்டு
ராணியின் கடன் இருந்த பக்கத்தைத் தேடினேன்.
கிடைத்தது.
மேலே சால்னா கொட்டியிருந்தது.