அறுபத்தொன்று

இந்த ஊரில் பயிற்சியாளருக்குப் பெயர் கிடையாது.
மிஸ்டர். அவ்வளவுதான்.
தெர்மோலியில் எத்தனை ஆண்கள் இருந்தாலும்
மிஸ்டர் ஒருவர்தான்.

என் மருந்துக்கடை வாசலில் ஒரு சிவப்புப் பெட்டி,
நாக்கு நீட்டி எண் சீட்டுத் தரும்.
மூன்றாம் டிவிஷனுக்கு அணி ஏறிய வருஷம்
மிஸ்டர் அந்த நாக்கைத் தொட்டதே இல்லை.
உள்ளே கால் வைத்தால் போதும், வரிசை இரண்டாய்ப் பிளக்கும்.
நாற்பது டிகிரி காய்ச்சலோடு மகனைச் சுமந்துவந்த ஒர்னெல்லாகூட
"நீங்க முதல்ல" என்றாள்.
அவர் வாங்கியதோ
நெஞ்செரிச்சல் மாத்திரை, சின்ன டப்பா.
நான் யாரிடமும் சொன்னதில்லை.
ஊரே தோளில் தூக்கிய மனிதருக்கு
ராத்திரி மூன்று மணிக்கு வயிறு எரிகிறது என்பது
தொழில் ரகசியம்.

மீன் சந்தையில் அவர் முகம் ஒட்டிய மெழுகுவர்த்தி விற்றது.
புருனோரோ தன் படகில் பெண்டாட்டி பெயரை அழித்து
மிஸ்டர் என்று எழுதினான்.
அவள் ஒரு வாரம் சமைக்கவில்லை.
பிறகு அவளும் மாட்சுக்கு வந்தாள்.

அடுத்த சீசன், வரிசையாக ஏழு தோல்வி.
நாலாவதில் பெட்டி நாக்கை நீட்டியது, அவர் கிழித்துக்கொண்டார்.
ஆறாவதில், பெரிய டப்பா.
ஏழாவதில் கடையில் யாரும் அவரைத் திட்டவில்லை.
அதுதான் மோசம்.
எல்லோரும் இருமல் மருந்தின் விலையைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கள்கிழமை நீக்கினார்கள்.
செவ்வாய்க்கிழமை அவர் வெறும் சிஞ்ஞோர் வெனாஃப்ரி.
புது மிஸ்டர் பெருஜியாவிலிருந்து வந்தார், நல்ல கோட்டு.
படகுக்கு மறுபடி பெயிண்ட்.
இந்த முறை பெயரே எழுதவில்லை புருனோரோ.

ஊரைவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தோம்.
மகள் இங்கே பள்ளியில். வாடகை ஜூன்வரை கட்டியாயிற்று.

ஜனவரி. ஃப்ளூ காலம். கடை கொள்ளாத கூட்டம்.
அவர் கையில் அறுபத்தொன்று, ஓடுவது முப்பத்தெட்டு.
வாசலில் சக்கர நாற்காலியில் ஃபெதோரா,
மழையில் பாதி, கூரையில் பாதி.
வழிவிடச் சொல்லிக் கத்திப் பார்த்தேன்.
ஆளாளுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

அப்போது ஒரு குரல்,
மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்க வேண்டிய குரல்:
"நெட்டை, சுவரோரம்! நீலக் குடை, ரெண்டடி பின்னால!
நடுவுல இடம், நடுவுல இடம்!"

நகர்ந்தார்கள்.
மருந்துச் சீட்டை வாயில் கவ்வியபடி புருனோரோ நகர்ந்தான்.
அவர் வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய பையன்கள்
எங்கே போக வேண்டும் என்று கேட்காமலே போனார்கள்.
ஃபெதோரா உருண்டு வந்து நேராகக் கவுண்டரில் நின்றாள்,
மூக்கு நுனியில் மழை சொட்ட.
யாரோ கைதட்டத் தொடங்கி, நினைவு வந்து,
கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவர் மறுபடி தன் சீட்டைப் பார்த்தார்.
முப்பத்தொன்பது.

அறுபத்தொன்று என்று நான் கூப்பிட்டபோது
மணி ஏழாகப் போகிறது.
கேட்காமலே பெரிய டப்பாவை எடுத்தேன்.
சின்னது போதும் என்றார்.