விசாரித்தவர்கள்

பன்னிரண்டு வருடம் கார்டு தேய்த்திருக்கிறேன்.
ஷெங் சியோங்கில் அரிசி, மீன், டயப்பர்,
கிறிஸ்மஸுக்குத் தேக்காவில் சேலை,
சின்னவளின் பல்லுக்குக் கம்பி.
கார்டில் என் பெயர் புடைத்திருந்தது,
விரலால் தடவினால் தெரியும்.
துணைக் கார்டாம். அவர் கணக்கின் வால்.
அறுந்த அன்றுதான் சொன்னார்கள்.

ஈசூன் கிளை. வரிசை எண் 2087.
எதிரே என் தம்பி மகன் வயதில் ஒரு பையன்.
திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
மறுபடி திரையை.
உங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை, மேடம்.
கெட்டதும் இல்லையே என்றேன்.
நல்லதும் இல்லை என்றான்.

'கடன் அன்பை முறிக்கும்' என்று
பஃபலோ ரோட்டுக் கடையொன்றில் போர்டு தொங்கும்.
அப்பா செருப்பைக்கூட ரொக்கத்தில்தான் வாங்கினார்.
அந்த வீட்டுப் பெண் நான்.
கைமாற்றாக வாங்கிய ஐந்து வெள்ளியை
மறுநாளே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.
அதை யார் எங்கே எழுதி வைத்தார்கள்?

நான் வேலை செய்வது பலதுறை மருந்தகத்தில், பதிவுக் கவுண்டரில்.
கோப்பில் ஒன்றுமே இல்லாதவரைப் பார்த்தால்
அங்கே டாக்டருக்குச் சந்தோஷம்.

பதற்றம். இரண்டே வாரத்தில்
இன்னும் நான்கு வங்கிகள்.
மதிய இடைவேளையில் கட்டைவிரலால் விண்ணப்பித்தேன்,
மீ கோரெங் ஆறிக்கொண்டிருந்தது.
நான்கும் மறுத்தன,
மிகுந்த மரியாதையோடு.

பிறகுதான் காசு கட்டி அறிக்கையை வாங்கினேன்.
ரெஜினா த/பெ சவரிமுத்து.
கடன்: இல்லை.
விசாரித்தவர்கள்: ஐந்து வரிகள், தேதியோடு.

கிள்ளானில் இருக்கும் அவருடைய சித்தி
குரல் செய்தியை எப்போதும் இப்படித்தான் முடிப்பார்:
எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லும்மா.
பிரிந்த பிறகு அதுவும் வருவதில்லை.
அந்த வருடம் என்னை விசாரித்தவை
ஐந்து வங்கிகள் மட்டும்தான்.
நலமா என்று ஒன்றும் கேட்கவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள்
வரிசையாக எழுந்து போயிருந்தால்
அடுத்த வீட்டார் காபியைத் தொடுமுன் யோசிப்பார்களே,
அப்படித்தானாம் இதுவும்.
பையன் வேறு வார்த்தைகளில் சொன்னான்:
கேட்கக் கேட்க மதிப்பு இறங்கும்.
கொஞ்ச காலம் யாரிடமும் கேட்காதீர்கள்.

அது எனக்குத் தெரிந்த வித்தைதான்.

பத்தாயிரம் வெள்ளி வைப்புத்தொகை.
தாலிச் சங்கிலியை எடைக்குப் போட்டதும் அதில் உண்டு.
என் பணத்தை அடகு வைத்து
என் பணத்தையே கடன் வாங்க
ஒரு கார்டு தந்தார்கள்.
இதில் வால் கிடையாது.

பஸ்ஸுக்கும் கோப்பிக்கும் மட்டும் அதைத் தொட்டேன்.
மாதம் நாற்பது, நாற்பத்தைந்து வெள்ளி.
கெடுவுக்கு நான்கு நாள் முன்பே முழுதும் கட்டினேன்.
மே மாதம் சின்னவளுக்கு டெங்கி.
ஆஸ்பத்திரி நாற்காலியில் திடுக்கிட்டு விழித்து
இரவு பதினொன்று ஐம்பதுக்குக் கட்டினேன்,
ஒரு கை அவள் நெற்றியில்.

அறிக்கையில் மாதத்துக்கு ஒரு கட்டம்.
ஒழுங்காகக் கட்டினால் ஏ.
பாலர் பள்ளிப் பிள்ளை எழுத்துப் பழகுவதுபோல
ஒரு வருடம் முழுக்க அதையே எழுதினேன்.
மே மாத ஏ மட்டும்
கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது எனக்கு.
நாமே நம்மை எடுத்துப் பார்ப்பது
விசாரிப்பில் சேராதாம்.
ஆகவே அடிக்கடி பார்க்கிறேன்.

போன வாரம் பெனடிக்ட் அழைத்தார்.
எப்படி இருக்கிறாய் என்றார்.
பிள்ளைகளைக் கேட்டார். மழையைக் கேட்டார்.
புதிதாக ஒரு வேன் எடுக்கிறாராம்,
ஜாமீனுக்கு ஒரேயொரு கையெழுத்து,
உன் பெயர் இப்போது சுத்தமாக இருக்கிறதாமே.

இல்லை என்றேன்,
வங்கிகளிடம் கற்ற மரியாதையோடு.

சற்று நேரம் லைனில் மழை மட்டும் கேட்டது.
பிறகு, சித்தி உன்னை விசாரித்ததாகச் சொன்னார் என்றார்.

நானும் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றேன்.